இரண்டு தளங்களுக்கு நடுவே

தெஹ்ரான்வாசிகளை மேலே அனுப்புவது என் பிழைப்பு.
பதினேழு மாடி, இருபத்திரண்டு மாடி.
கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே போய்ச் சேர்வார்கள்.
கிரீஸும் கம்பிவடமும் எனக்கு.
என் உடம்பை நானே ஒருமுறை தூக்கிப்போக
வியாழன் மதியம் கடையைப் பூட்டினேன்.

கியூமர்ஸின் இருமும் வண்டி.
பின்சீட்டில் ஹுமைரா, மடியில் தர்பூசணி.
"தமாவந்த் மலையில் யார் இதைத் தின்பார்கள்?"
"நான்."
பெஹ்ரங் எட்டு மாதம் பயிற்சி எடுத்தவன்.
முதுகில் அரிசி மூட்டையோடு
எங்கள் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கி
குடியிருப்பவர்கள் முன்னால்
லிஃப்ட் மெக்கானிக்கின் மானத்தை வாங்கியவன்.

"மலைக்குப் பழக மூன்று நாள் வேணும்"
என்றார் கோவேறு கழுதைக்காரர் எய்னுல்லா.
எங்களிடம் இருந்தது ஒன்றரை.
அதற்குமேல் அவர் பேசவில்லை.
தர்பூசணியை இடப்பக்கம் கட்டினார்,
சரியாமலிருக்க வலப்பக்கம் ஒரு கல்.
எதிர் எடை!
நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

நாலாயிரத்து இருநூறு மீட்டரில் கூடாரம்.
தூக்கம் அங்கே வெறும் வதந்தி.
பக்கத்துக் கூடாரத்தில் யாரோ
விடிய விடிய ஜிப்பைத் திறந்து மூடினார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம்,
நெற்றி விளக்குக்குள் அடங்கிய அளவு உலகம்.
ஐந்து அடி, ஒரு மூச்சு.
பிறகு மூன்று அடி, இரண்டு மூச்சு.
பிறகு கணக்கு விட்டுப்போனது.
பொழுது விடிந்தபோது மலையின் நிழல்
மேற்கே மூட்டத்தின்மேல் கூம்பாய் விழுந்து கிடந்தது,
அதன் நுனியில் நாங்கள் இல்லை,
கொஞ்சம் கீழே எங்கோ.

கந்தகப் புகை வந்தது.
ஒரு பெட்டித் தீக்குச்சியை
மூக்குக்குள் வைத்து உரசியதுபோல.
உச்சி தெரிந்தது. மஞ்சள் கற்கள், புகை,
எங்கள் தெருவின் நீளம்கூட இருக்காது.

பெஹ்ரங் உட்கார்ந்தான்.
கையுறையைக் கழற்றி எறிந்தான்.
கட்டைவிரலால் பாறையை அழுத்தினான்,
மறுபடி அழுத்தினான்.
"எந்தத் தளம்?" என்று என்னைக் கேட்டான்.
வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.
அவன் கண்களைப் பார்க்கும்வரை.

ஹுமைரா கியூமர்ஸைப் பார்த்தாள்.
கியூமர்ஸ் தன் காலணியைப் பார்த்தான்.
மூன்று நொடி இருக்கும்,
அந்த மூன்று நொடியும் நான் பெஹ்ரங்கை வெறுத்தேன்.
அவனுக்கு இது தெரியாது.

"தரைத்தளம்" என்றேன்.
அவன் நிம்மதியாக எழுந்து நின்றான்.

சரளையில் சறுக்கிச் சறுக்கி இறங்கினோம்,
அவன் இடுப்புக் கயிறு என் முஷ்டியில்.
ஐயாயிரத்தில் தன் பெயரைச் சொன்னான்.
நாலாயிரத்து எண்ணூறில் அம்மாவின் தொலைபேசி எண்.
நாலாயிரத்து ஐந்நூறில்
நான் இறங்கும் விதத்தில் குறை கண்டுபிடித்தான்.
எனக்குத் தரவேண்டிய கடன் மட்டும்
எந்த உயரத்திலும் நினைவுக்கு வரவில்லை.

மற்ற இருவரும் நாலு மணிக்கு வந்தார்கள்.
எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.
"உட்கார இடமில்லை, ஒரே காற்று"
என்றாள் ஹுமைரா, உதடு வெடித்திருந்தது.
ஒரு காலுறையை என்னிடம் நீட்டினாள்,
உள்ளே ஒரு மஞ்சள் கல்.
தர்பூசணியை எய்னுல்லா வெட்டினார்.
பெஹ்ரங்தான் அதிகம் தின்றான்.
தோலெல்லாம் கழுதைக்கு.

சனிக்கிழமை காலை வனக் சதுக்கம்,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நின்றுவிட்ட லிஃப்ட்.
கதவைப் பிளந்தேன்.
என் நெஞ்சு உயரத்தில் ஒருவருடைய காலணிகள்,
பிறகு அவர் குனிந்தார், முகம்,
கையில் கேக் பெட்டி.
"ஏதோ எரிகிற வாடை" என்றார் நடுங்கி.
"எரியவில்லை. என் கருவிப் பையில் ஒரு கல்."
அவர் நம்பவில்லை.
"மேலே ஏறவா, கீழே குதிக்கவா?
ஏழாவது மாடிக்குத்தான் போகணும்,
அரை ஆள் உயரம்தானே மிச்சம்?"

அண்ணாந்து பார்த்தேன்.
இருட்டில் வடம் லேசாக ஆடியது.
"முதலில்
அந்த கேக்கைக் கொடுங்கள்" என்றேன்.