முள் இல்லாத தவளை

ஞாயிறு, காலை ஐந்தே முக்கால்.
சித்தாலப்பாக்கம் தாண்டி
சதுரடி விலை எழுதிய பலகைகளுக்குப் பின்னால்
இன்னும் விற்றுப்போகாத தண்ணீர் கொஞ்சம் இருக்கிறது.
இந்தக் கரையில் தும்மினால்
அந்தக் கரையில் நாமக்கோழி பறக்கும்.
அவ்வளவுதான் குட்டை.

இம்தியாஸ் முதுகில் ராடு கட்டி ஸ்கூட்டரில் வருவான்,
ஆன்டெனா முளைத்தவன் மாதிரி.
மற்ற ஆறு நாளும் லிஃப்ட் மெக்கானிக்,
தொங்குகிற எதையும் நம்பாதவன்.
நரம்பைப் பல்லில் வைத்து இழுத்துப் பார்த்து
"நாப்பது பவுண்டு பின்னல்.
இது அறுந்தா தப்பு நம்ம முடிச்சுலதான்" என்பான்.

என் ரீலின் உண்மை விலை
எனக்கும் பாரிமுனைக் கடைக்காரருக்கும் தெரியும்.
ரோஸ்லினிடம் சொன்னது அதில் கால்வாசி.
சொன்னபோது அவள்
கீரை ஆய்வதை நிறுத்தக்கூட இல்லை.

ரப்பர் தவளைக்கு உள்ளே காற்று.
இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும்,
நல்ல பிள்ளைகளாக.
ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் மாட்டாது.
விரால் கவ்வி வயிற்றை அமுக்கினால்தான்
வெளியே வரும்.

வீசுவது மணிக்கட்டு, தோள் இல்லை.
விழுந்தவுடன் இழுக்கக் கூடாது,
வளையங்கள் அடங்கட்டும்.
பிறகு ஒரு தட்டு. சும்மா இரு. இரண்டு தட்டு.
அடித்ததும் வெட்டக் கூடாது, அதுதான் கஷ்டம்.
வாய்க்குள் முழுசாகப் போக விடவேண்டும்.
பிஸ்மில்லா சொல்லி முடிக்கிற நேரம், இம்தியாஸ் கணக்கு.
நான் முழு ஜெபமும் சொல்லிவிடுவேன்,
ஆமென் வரும்போது மீன் இருக்காது.
ஆறு ஞாயிறு இப்படிப் போயிற்று.

இன்றைக்கு
சம்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர் கொதித்தது,
மூடி திறந்த உலை மாதிரி.
செக்கச்செவேலென்று குஞ்சுகள்,
ஆயிரம் இருக்கும்,
மூச்சுக்கு மேலே வருவதும் இறங்குவதுமாக.
"அடியில ரெண்டு நிக்கும்.
போட்டா நிச்சயம் அடிக்கும்.
பசிக்கு இல்ல, கோவத்துக்கு."
சொல்லிவிட்டு அவன் தன் ராடைச் சுருட்டிக்கொண்டான்.
அவன் போடமாட்டான் என்று தெரிந்தது.
என்னைத் தடுக்கவும் இல்லை.

போட்டேன்.

கதவை அறைந்த சத்தம்.
பிஸ்மில்லாவும் இல்லை, ஆமெனும் இல்லை,
பயந்துபோய் இழுத்தேன்.
தவளை தண்ணீரை விட்டுக் கிளம்பி நேராக வந்து
என் கட்டைவிரலில் உட்கார்ந்தது.

எதிர்முள் வந்த வழியே திரும்பாது.
அழுத்தி, தோலைத் துளைத்து, மறுபக்கம் எடுத்து
கொறடால் நுனியை நறுக்கினான்.
லிஃப்டுக்குள் மாட்டியவர்களிடம் பேசும் குரலில்
ஏதேதோ பேசிக்கொண்டே.
பிறகு அடுத்த முள்ளையும் நறுக்கினான்,
"உனக்குக் கை நடுங்குது."

கைக்குட்டை சுற்றிய கையோடு
முள் இல்லாத தவளையை மறுபடி போட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அடித்தது. கறுத்த தலை, வெளிறிய தாடை,
ஒரு கணம் முழுசாகப் பார்த்தேன்.
விட்டது.
இன்னொரு தரம். அடித்தது, ஆனால் மூடிய வாயால், முட்டித் தள்ளியது.
மூன்றாம் தரம் தவளை
குஞ்சுகளின் நடுவிலேயே மிதந்துகொண்டிருந்தது.
ஒருவரும் வரவில்லை.
ரப்பர் என்று புரிந்துவிட்டது போல.
மனைகளின் பக்கம் வெயில் ஏறியது.
இம்தியாஸ் சிரித்த சிரிப்பில் நாமக்கோழி பறந்தது.

மேடவாக்கம் கிளினிக்கில் டிடி ஊசி.
வீட்டில் ரோஸ்லின் கட்டைப் பார்த்தாள்,
தவளையை எடுத்து அமுக்கினாள்.
பல் பட்ட ஓட்டைகள் வழியே
குட்டைத் தண்ணீர் அவள் நைட்டியில் பீச்சியது.
"ஊசி எவ்வளவு?"
எண்பது என்றேன். உண்மை.
"ரீலு?"
சொன்னதையே மறுபடி சொன்னேன்.
தலையாட்டினாள். காபி கலந்தாள். என் எதிரில் வைத்தாள்.
ஒரு வாய் குடிக்க விட்டாள்.
பிறகு, மடிப்புக் கலையாத பில்லை
டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஏழு வாரம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.