சி-22

பாடாங் செராயில், நாசி கண்டார் கடைக்கும்
நாலு நம்பர் கடைக்கும் நடுவே
கைப்பேசி பழுதுபார்க்கும் என் சந்துக்கடையில்
ஒரு கணினியைச் செம்பனைக் குலை இறக்குவதுபோல்
தோளிலிருந்து சரித்து இறக்கினார் சன்னாசி.

"ஆலையில ஏலம். முப்பது வெள்ளி.
பத்தொம்பது வருசம் என் லாரிய நிறுத்துச் சீட்டடிச்சது இதுதான்.
எழுப்பிக் குடு."

எதற்கு என்றேன்.

"ஒன்னு கேக்கணும்."

மூடியைக் கழற்றினால் மீன் வாடை.
பல்லி முட்டை ஓடு, ஆலைத் தூசு, ஒரு கட்டெறும்பின் கூடு.
கெப்பாசிட்டர்கள் அடிவயிறு கசிந்து
செம்புத் தடமெல்லாம் பச்சை பிடித்திருந்தன.
மொத்தம் பதினேழு.
சிகரெட் அட்டையின் பின்புறம் படம் போட்டுக்கொண்டேன்:
எது எங்கே, எத்தனை வோல்ட், எந்தப் பக்கம் தலை.

தகரக் குப்பி போன்றவற்றில்
பட்டை போட்ட பக்கம் கழித்தல்.
மஞ்சள் செங்கல் போன்ற டான்டலத்தில்
பட்டை போட்ட பக்கம் கூட்டல்.
ஒரே கோடுதான். ஆளுக்கொரு அர்த்தம்.
இதை மறந்த ஒரு மத்தியானம்
எனக்கு இடது புருவம் பாதிதான் இருந்தது.

476 என்றிருந்தால் நானூற்று எழுபத்தாறு அல்ல.
நாற்பத்தேழு எழுதி ஆறு சுழி போடு, அது பைக்கோ.
மைக்ரோவில் மறுபடியும் நாற்பத்தேழு.
இவ்வளவு சுற்றி வந்து அதே வாசலில்.

பழையதைத் திருகாமல், இரண்டு காலையும் சேர்த்துச் சுட்டு
நழுவ விட்டேன்.
காடியில் நனைத்த பல்துலக்கி, பிறகு ஸ்பிரிட்டு.
வெளியே மழை வந்து போனது. சன்னாசி
முக்காலியிலேயே கோப்பி ஓ குடித்தபடி இருந்தார்.

பதினாறு முடிந்தது.

சி-22.
பலகையில் கழித்தல் என்று அச்சிட்ட இடத்தில் மீட்டர் வைத்தேன்.
பீப். தரை. சரிதானே என்று
சூட்டுக்கோலை எடுத்தவள், ஏனோ
மற்றக் காலின் தடத்தை நகத்தால் தொடர்ந்து போனேன்.
அது போய்ச் சேர்ந்தது வெள்ளை வயரில்.
கழித்தல் ஐந்து வோல்ட்.
தரைக்கும் கீழே ஐந்து படி.
அங்கிருந்து பார்த்தால் தரைதான் மேடு,
கூட்டல் தொட வேண்டியது தரையை.
பழக்க தோஷத்தில் எவனோ மாற்றி அச்சடித்திருக்கிறான்.
அச்சைப் பார்த்து இயந்திரமும் மாற்றிப் பொருத்தியிருக்கிறது.
முப்பது வருசம் அந்தக் குப்பி
தலைகீழாக நின்றே வேலை செய்திருக்கிறது.

எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை.
ஒளிமதி என்று வைத்தார்கள் வீட்டில்.
அடையாள அட்டையின் ரூமி எழுத்தில்
ஒளியும் ஒலியும் ஒன்றுதான்.

"கம்பெனி அடிச்சதே தப்பா?" சன்னாசி எழுந்துவிட்டார்.
ஆமாம், ஆனால் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.
பின்பாதி அவர் காதில் ஏறவில்லை.
"தொண்ணூத்தஞ்சுலயே சொன்னேன் கிராணிகிட்ட.
ஒவ்வொரு நடைக்கும் நாப்பது கிலோ முழுங்குதுன்னு.
மிசின் தப்பு பண்ணாதுன்னான்."

புதியதை அச்சுக்கு எதிராகத் திருப்பி வைத்துச் சுட்டேன்.

சுவிட்ச். விசிறி இருமியது.
கறுப்பில் பச்சையாக ஓர் எழுத்து, பிறகு ஒரு வரி.

"என்னா சொல்லுது?"
தேதி கேட்கிறது.
"என்னையா?"
நீங்களே அடிங்க.

கண்ணாடியைத் துடைத்து மாட்டி
குலை குத்திக் காய்த்த ஒற்றை விரலால்
தேடித் தேடி அடித்தார்:
இருபத்து மூன்று, ஏழு, வருசம்.

செல்லாத தேதி என்றது.
மறுபடி கேட்டது.

"பாத்தியா!"
நாசி கண்டார் கடை வரை கேட்டிருக்கும்.
"இன்னிக்கு இருபத்து மூனு இல்லையாம்!
இருபத்து மூனு இல்லையாம்டி!"

மாதத்தை முன்னால் போட வேண்டும்,
அது அந்த ஊர் வழக்கம்.
சொல்ல வாயெடுத்தேன்.

அவரோ முக்காலியை இழுத்துப் போட்டு
நிதானமாக உட்கார்ந்து
அதே இருபத்து மூன்றை
அதே வரிசையில்
இன்னொரு தடவை அடித்துக்கொண்டிருந்தார்.