நிலவறையில் ஒரு கிழங்கு

டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு
எந்தத் தண்ணீர் மேலும் சந்தேகம்.
குளோரின் உண்டா, சுண்ணாம்பு எவ்வளவு,
விடிகாலை ஐந்தரைக்குக் குப்பியில் பிடித்து
நிறம் மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான்
முதல் ஆளை உட்காரவைப்பேன்.

எட்டாம் நாற்காலி. செவ்வாய், வியாழன், சனி.
லுபோர் கொசினா, கான்கிரீட் லாரி ஓட்டியவன்.
நான்கு மணி நேரம் இடக்கை அசையக் கூடாது.
வாய்க்குத் தடையில்லை என்பதால்
தன் மீன்தொட்டியைப் பற்றியே பேசுவான்,
மீனே இல்லாத தொட்டி.

ஒரு சனிக்கிழமை
ஈரச் செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினான்:
இஞ்சித் துண்டு மாதிரி ஒரு கிழங்கு.
மடகாஸ்கர் ஓடைகளில் முளைப்பதாம்.
"உன் தண்ணீர்க் கிறுக்குக்கு
இதுதான் சரி, ஸ்திஸ்லவா."

ஒலொமோட்ஸ் குழாய்த் தண்ணீர்
கெட்டிலின் அடியில் காரை பூசும்.
ஆஸ்பத்திரியின் சுத்தத் தண்ணீரைத்
திருடினேன் என்று எழுத மாட்டேன்.
சோதனைக்குப் பிடித்ததில் மிச்சம் இருந்தது.
மிச்சம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கழுவிய மணலில் பாதி புதைத்தேன்,
மொட்டு மூச்சுவிட மேல்பாதி வெளியே.
முதல் இலை வந்தது. இரண்டாவது, மூன்றாவது.
சாதாரண இலைகள், முழு இலைகள்.
"ஏமாற்றிவிட்டாய்" என்றேன்.
ஊசி குத்தும்போதுகூடச் சிரித்தான்.

ஐந்தாம் இலை சிவப்பாய்ச் சுருண்டு வந்தது.
விரிந்த பத்தாம் நாள்
நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே
ஜன்னல் கண்ணாடிபோல் வெளிறியது.
பிறகு கண்ணாடியும் இல்லை.
புழு அரிக்கவில்லை, யாரும் கிழிக்கவில்லை;
அந்தந்தச் சதுரத்தை மட்டும்
இலை தானே சாகக் கொடுத்திருந்தது.
பின்னால் இருந்த சுவரின் ஆணியை
இலைக்குள்ளாகப் பார்த்தேன்.

அப்புறம் வேலைதான்.
ஜூலை வெயிலுக்கு மேசை விசிறி.
கட்டங்களில் பாசி பிடித்தால்
குழந்தைகளின் பல்துலக்கியால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவ வேண்டும்.
வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றம்.
லுபோருக்கு வாரம் மூன்று.
அவனிடமே சொன்னேன்,
"அப்போ நான்தான் கஷ்டமான செடி" என்றான்.

நவம்பரில் புது இலைகள் சிறுத்தன.
ஒவ்வொன்றாய்க் கறுத்துக் கரைந்தன.
"தூங்கப் போகிறது. எடுத்துவிடு.
ஈர மணல், இருட்டு, குளிர்."
எங்கள் குடியிருப்பின் நிலவறையில்,
அண்ணன் ஒட்டாகரின் உருளைக்கிழங்குப் பெட்டி மேல்
ஜாம் பாட்டிலில் வைத்தேன்.
எப்போது எழுப்ப வேண்டும் என்று கேட்கவில்லை.
செவ்வாய்க்கிழமை கேட்டுக்கொள்ளலாமே.

திங்கள் இரவு பிராகாவிலிருந்து அழைப்பு.
அவனுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது.

எங்கள் பிரிவில் நல்ல சேதி என்றால்
ஒருவர் திரும்பி வராமல் இருப்பது.
கெட்ட சேதியும் அதேதான்.
எண் கோப்பில் இருக்கிறது,
சொந்தக் காரணத்துக்கு எடுக்கக் கூடாது.

மார்ச்சில் இறங்கிப் பார்த்தால் பாட்டில் காலி.
"அதுவா?" என்றான் ஒட்டாகர்.
"சூப்புக்குச் சீவினேன், வாடை சரியில்லை,
பெட்டிக்குள் போட்டுவிட்டேன்."
உருளைகளுக்கிடையே துழாவி எடுத்தேன்.
ஒரு பக்கம் கத்தி வாங்கியிருந்தது.
அண்ணனை என்ன திட்டினேன்
என்பது இங்கே வேண்டாம்.

காயத்தை உலரவிட்டேன். மறுபடி மணல்.
ஒரு வாரம் ஒன்றுமில்லை.
இரண்டாம் வாரம் தண்ணீரில் லேசான நாற்றம்,
முழுவதையும் மாற்றினேன்.
பத்தொன்பதாம் நாள், வெட்டுக்கு எதிர்ப்பக்கம்
அரிசி முனையளவு பச்சை.

இப்போது இரண்டு இலை. ஓட்டை எதுவும் இல்லை.

எட்டாம் நாற்காலியில் திருமதி ஷுபர்தோவா.
வந்து மூன்று வாரமாகிறது, பேசுவதில்லை,
கூரையைப் பார்த்தபடியே இருப்பார்.
இன்று என் கையைப் பார்த்துக் கேட்டார்:
"மணிக்கட்டில் என்ன, பச்சையாக?"
பாசி, என்றேன்.
"என்ன பாசி?"
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இன்னும் மூன்று மணி ஐம்பது நிமிடம்.