நீல வாளி

ஒன்பதாம் வருடம்
வெளுக்கத் தொடங்கியது பவளம்.
முதலில் நுனி. பிறகு அடிவரை
கஞ்சியின் நிறம்.

கோத்தகிரியில் ஆடி மழை.
மின்சாரம் வந்து வந்து போனது.
ஹீட்டரைச் சந்தேகித்தேன்:
இருபத்தைந்தரையில் அசையாமல் நின்றது முள்.
உப்பை அளந்தேன், காரத்தை, கால்சியத்தை.
மோட்டார்க் காந்தத்தில் துருவா என்று
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன்.
எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

நத்தைகள் முன்பே சொல்லியிருக்கின்றன.
கண்ணாடி ஏறாமல்
மணலில் மல்லாந்து கிடந்ததைக்
குளிர் என்று நினைத்துவிட்டேன்.

பதினோராம் நாள்,
உப்பு கரைக்கும் நீல வாளியின்
விளிம்பு மடிப்புக்குள் விரல் போனது.
பச்சையும் நீலமுமாய்ப் பொடி,
நகக்கண் அளவு.

தேயிலைக்குக் கொப்புள நோய்.
மருந்து கலக்க வாங்கிப்போன போஜன்
சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவி
வாசலில் கவிழ்த்துவைத்துப் போயிருந்தார்.
செம்பு மருந்து.
அவர் தோட்டம் தளிர்த்துவிட்டது.

கரி போட்டேன். புது வாளியில்
பாதித் தண்ணீர் மாற்றினேன்.
சாயங்காலம் ஒரே ஒரு கிளையில்
இரண்டு வாய்கள் திறந்தன,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

வேலியோரம் நின்று கேட்டார் போஜன்:
"மீனெல்லாம் நல்லா இருக்கா?"

மீன்கள் நன்றாகத்தான் இருந்தன.
அதை மட்டும் சொன்னேன்.