நாற்பத்தாறாம் பல்

வாய்க்குள் இருப்பது முப்பத்திரண்டுதான்.
நோகிறது நாற்பத்தாறாவதாம்.
பீல் நகரத்துப் பல்வைத்தியரின் கணக்கு அப்படி:
வாயை நாலு காணியாய்ப் பிரித்து இலக்கமிட்டிருக்கிறார்கள்.
நாலாம் காணி, ஆறாம் பல்.
அங்கே கறுத்த கட்டி ஒன்று வெடித்துக் கிடக்கிறது.

'இது எப்ப அடைச்சது?'
கண்ணாடியும் இரண்டு விரலும் வாய்க்குள் இருக்கக்
கேட்கிறார் டொக்டர் வூத்ரிக்.
ஆ, ஆ, என்றேன்.
தொண்ணூற்றொன்றில், அகதி முகாமில்,
எட்டுப் பேர் வரிசையில் ஏழாவதாய் நின்று, என்று அர்த்தம்.

வெள்ளி, தகரம், செம்பு,
மூன்றையும் குழைக்கப் பாதரசம்.
என்ன வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.
முப்பத்துமூன்று வருடம் அது
முறுக்கை அரைத்தது, ஆட்டெலும்பை அரைத்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்று
எல்லாரும்தான் சொல்கிறார்கள்.
நான் கடித்துக்கொண்டிருந்தது இதை.

இந்த நாட்டுக் காப்புறுதிக்கு உடம்பைத் தெரியும்,
பல்லைத் தெரியாது.
ஆகவே ஒரு தாள் நீட்டினார்கள்,
நாலு வரி, நாலு விலை.

தங்கம், ஆயிரத்து அறுநூற்றைம்பது பிராங்க்.
'பல்லோடு பல்லாய்த் தேயும், எதிர்ப்பல்லை நோகடிக்காது,
உங்கட ஆக்களுக்குத் தங்கம் பிடிக்கும்தானே?'
பிடிக்கும் டொக்டர்.
நாளுக்கு எட்டரை மணித்தியாலம் பிடிக்கிறேன்,
கையுறை போட்டு, மணிக்கூட்டு உறைகளை
சுழலும் தூரிகையில் காட்டிக் காட்டி.
கை கழுவிய தண்ணீரையும் வடிக்கிறார்கள் அங்கே.
என் நகக்கண்ணில் ஒட்டிய தூசுக்கும்
கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு.

பீங்கான். கணினி அளந்து
கட்டியிலிருந்து குடைந்து தரும்.
அழகு. விலையைப் பார்த்து விரலால் மூடினேன்.

கண்ணாடித் தூளில் அமிலம் சேர்த்த சிமெந்து,
நூற்றித் தொண்ணூறு.
கடைவாய்க்குப் பலம் காணாது, தற்காலிகம் என்றார்.
தற்காலிகம் என்று அச்சடித்த அட்டையோடு
ஒன்பது வருடம் இருந்தவள் நான்.
அடுத்த வரி என்ன?

பிசினும் பொடியும். கொம்பொசிட்.
நானூற்றி அறுபது.
பல்லின் நிறத்திலேயே பல்.

பச்சை ரப்பர் விரித்துப் பழையதைக் குடைந்தார்கள்.
உதவிக்கு நின்ற சிமோனா துண்டுகளைப் பொறுக்கி
மூடி போட்ட போத்தலில் இட்டாள்:
நச்சுக் கழிவு, நிறுத்துத்தான் அனுப்ப வேண்டுமாம்.
அட, அதற்கும் தராசா?

பிறகு படை படையாய்.
ஒரு படை, நீல வெளிச்சம், இருபது எண்ணுதல்.
இன்னொரு படை, நீல வெளிச்சம்.
தமிழில் எண்ணினேன்.
அவர்களின் கருவி என் பத்தொன்பதில் கூவியது.

நிறத்தாள் வைத்து, 'கடியுங்கோ.'
கடித்தேன்.
'சரிதானே?'
சரியில்லை.
பின்பக்கம் ஒரு மேடு, மயிரளவு.
'விறைப்பு அப்படித்தான், நாளைக்குச் சரியாகும்.'
உதடுதான் விறைத்திருந்தது டொக்டர்.
பல் இறங்கும் இடம் தெரிந்தது.
ஆயிரம் ஆயிரம் உறைகளில்
கண்ணுக்குத் தெரியாத கீறலை
விரல் நுனியால் பிடித்துத் திருப்பி அனுப்புகிறவள்,
சொந்த வாயில் விடுவேனா?
பாதி நாக்கால், கோணல் ஜெர்மனில் சொன்னேன்:
பின்பக்கம். உட்சுவர். மினுக்கலும் முடியவில்லை.

மெல்லிய தாளை எடுத்தார். மறுபடி கடித்தேன்.
ஒரு சிவப்புப் புள்ளி,
நான் சொன்ன இடத்திலேயே.

அவர் ஒன்றும் பேசவில்லை.
கருவியின் முனையை மாற்றினார்.
ரப்பர் சில்லைச் சுழலவிட்டு
நான் தலையாட்டும் வரை மினுக்கினார்.
'எங்கே வேலை?' என்றார், விரல்களை வெளியே எடுத்துவிட்டு.

மூன்று தவணை, முதலாவது மாதக் கடைசியில்.
இரண்டு மணி முறைக்கு பஸ் பிடித்தேன்.
மொனிக் கோப்பி நீட்டினாள்.
பாதி குடித்தேன்,
பாதி நாடியால் வழிந்து ஏப்ரனில் விழுந்தது,
தங்கத் தூசுக்காக அவர்கள் எரிக்கப்போகும்
அதே ஏப்ரனில்.