இருநூற்றுப் பதின்மூன்றாவது

உரிமம் வாங்கி ஒன்பது ஆண்டில்
இருநூற்றுப் பன்னிரண்டு திருமணம் நடத்தியிருக்கிறேன்,
சனி ஞாயிறு மட்டும்.
மற்ற நாளில் பீஷான் பணிமனையில்
ரயில் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பவன்.

தாலி முடியும் நேரத்திலும்
கைப்பேசியில் கால்பந்து பார்த்தான் ஒரு மாப்பிள்ளை.
அவனுக்கும் கையெழுத்துப் போட்டேன்.
சட்டம் அவனை ஒன்றும் கேட்கவில்லை.
நானும்தான்.

அங்கயற்கண்ணியும் செரீனும் வந்தது ஒரு புதன்கிழமை,
தேக்காவில், ஈரம் காயாத மேசைக்கு.
'நீங்கதான் செஞ்சு வைக்கணும்.'
'படிவம்?' என்றேன்.
செரீன் சிரித்தாள்.
மறுத்திருந்தால் மேலிடத்துக்கு எழுதலாம்;
மறுக்கவே அங்கே ஆளில்லை.
மணமகன் என்ற கட்டத்தில் அவள் எண்ணை இட்டால்
திரை சிவந்து
முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது.

பாதி உடல் பெண்ணான சாமியைக் காட்டி
நான் தப்பிக்கப் பார்க்கவில்லை.
எனக்குக் கிடைத்தது அதைவிடச் சின்னது.
அன்றிரவு குளியலறையில் கதவடைத்து
இரண்டு பெண்பெயரையும் வைத்து
மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தேன்.
நாக்கு தடுக்கவில்லை.
அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

சங்கச் செயலாளர் தணிகாசலம் அழைத்தார்.
'மதம் ஒத்துக்காது.'
'யாரோட மதம்ணே?'
மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

சாப்பிட்ட தட்டை வைக்க
நம் உணவங்காடியில் இரண்டு அடுக்கு உண்டு,
ஹலாலுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று.
அவர் விலக்கியதை நான் தின்கிறேன்,
நான் விலக்கியதை அவர்.
ஒருவர் விரதம் என்பதற்காக
அங்காடியையே யாரும் மூடியதில்லை.
திருமணத்துக்கும் இந்த ஊரில் பதிவகம் இரண்டு,
முஸ்லிம்களுக்குத் தனியாக.
நம்பிக்கைக்கு இடம் விடத் தெரியாத அரசு இல்லை இது.

வேண்டாம் என்பவரின் பீடத்தில்
இவர்களை ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.
அவர் முடியாது என்பது அவர் வழிபாடு.
நான் ஆகட்டும் என்பது
என் வழிபாடு இல்லையா?
அவர் 'முடியாது' மட்டும் சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார,
என் 'ஆகட்டும்' ஏன்
லிஃப்டுக்கு வெளியே நிற்கிறது?

செங்காங்கில் பதினான்காம் மாடி.
அலுமினியத் தட்டில் நான்கு சுள்ளி, கொஞ்சம் நெய்.
செரீனின் அம்மா வரவில்லை; ஆரஞ்சு அனுப்பியிருந்தார், எட்டு.
அங்கையின் தம்பி வந்தான், செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நின்றான்.

மூன்றாம் ஆகுதியில் தீயணைப்பு மணி அலறியது.
பக்கத்து வீட்டு மக்சிக் ரொக்கையா
நீளத் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.
கூரையைக் குத்தி மணியை அடக்கினார்.
நெருப்பைப் பார்த்தார். இரண்டு மாலையைப் பார்த்தார்.
'என் மார்க்கத்தில் இது ஆகாது' என்றார் மலாயில்,
என்னைப் பார்த்து, ஒளிக்காமல்.
சாப்பிடச் சொன்னோம். மறுத்தார்.
போகும்போது துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்,
'மறுபடியும் அடிக்கும்.'

அடித்தது.
தம்பிதான் உள்ளே வந்து குத்தினான்,
செருப்போடு.

எல்லாம் முடிந்ததும் கை பழக்கத்தில் பேனாவைத் திறந்தது.
கையெழுத்திட ஏடில்லை.
மூட மறந்திருக்கிறேன்;
சட்டைப்பையில் மை, ஐம்பது காசு அளவு.

திங்கட்கிழமை பணிமனை.
மூடும் கதவுகளின் நடுவே மரக்கட்டையை நீட்டுவோம்.
குறுக்கே எதுவோ இருக்கிறதென்று தெரிந்தால்
கதவு திறக்க வேண்டும்.
திறக்காவிட்டால் வண்டி வெளியே போகாது.

நீட்டினேன்.