ரசீது

திலக் நகரில், நின்றிருந்த டெம்போவின் அடியில் ஐந்து குட்டிகள்.
ஒன்று ஓடிவந்து என் செருப்பு வாரைக் கடித்தது.
ஒன்று பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை.
இரண்டு தூங்கின.
ஐந்தாவது,
சாவிக்கொத்தைக் கீழே போட்டதும் துள்ளிப் பின்வாங்கி,
பிறகு வயிறு தரையில் உரச
முகர்ந்து பார்க்கத் திரும்பி வந்தது.
அந்தத் திரும்பி வருதலைத்தான்
வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் இரவே மின்கட்டண ரசீதைத் தின்றது.
பெயர் தேடும் வேலை மிச்சம்.

டாக்டர் லோபோ மல்லாத்திப் பிடித்து
முப்பது எண்ணினார்.
பன்னிரண்டு வரைக்கும் உதை.
அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு
சுவர்க் கடிகாரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
‘முரடு இல்லை, கோழையும் இல்லை.
ஆனால் இது தீர்ப்பு கிடையாது.
இன்னும் ஆறு வாரம் சிமெண்டு ஈரமாகத்தான் இருக்கும்.’

காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்தேன்:
குக்கர் விசில். குடை விரிவது. லிஃப்ட் கதவு.
பர்தாவில் ஷாயிஸ்தா. ஹெல்மெட்டில் கூரியர் பையன்.
ஹார்பர் லைன் வண்டி.

வண்டியை முதல்முறை கேட்டபோது
தன் நிழலுக்குள்ளேயே நுழையப் பார்த்தது.
நான் தூக்கவில்லை.
மேம்பாலப் படியில் உட்கார்ந்து
வேர்க்கடலை தின்றேன்.
நான்காவது வண்டிக்கு
வாலின் நுனி மட்டும் அசைந்தது.

கையைக் கடிக்கும்.
ஆ என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.
அடுத்த அறை என்பது சமையல் மேடைக்கு அந்தப் பக்கம்.
நாலு அடி போட்டால் திருந்தும் என்றார் கீழ்வீட்டுக்காரர்.
என்னை அப்படித்தான் திருத்தினார்கள்.
அதன் பிறகு நான் எதையும் கடித்ததில்லை,
கடித்திருக்க வேண்டியதையும்.

பதினைந்தாம் வாரம்
ஒரே ஒருவரைப் பார்த்து உறுமத் தொடங்கியது.
சொசைட்டி செயலாளர் கார்கானிஸ்.
பாவம், பிஸ்கட் எல்லாம் கொடுக்கிறார்.
காரணம் பிடிபட எனக்குத்தான் நாளாயிற்று.
அவர் படியிறங்கும் சத்தம் கேட்டதுமே,
‘இன்னும் தனியாகத்தானா?’ என்ற கேள்வி
அவர் வாய்க்கு வரும் முன்பே,
என் விரல்கள் கயிற்றை
இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கின்றன.

நேற்று இரவு காலியான மாடிப்படியில் நின்று
கயிற்றைத் தளர்த்திப் பிடித்துப் பழகினேன்.
யாரும் இறங்கி வரவில்லை.
இருந்தும் இரண்டு தடவை கை இறுகியது.
ரசீது தலையை ஒரு பக்கம் சாய்த்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது,
உள்ளுக்குள் எண்ணுவது போல.